அம்பாசடர் மகிழுந்தின் பின்சக்கரத் தடுப்பி

அம்பாசடர் மகிழுந்தின் பின்சக்கரத் தடுப்பி என்பது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிரம் வகை பிரேக் ஆகும். இங்கிலாந்தின் மோரிசு ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தைத் தழுவி அமைந்த அம்பாசடர், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரிக்கப்பட்டது. இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரத்தில் இவ்வகைப் பழைய வண்டிகளின் பிரேக்கைப் புதுப்பிக்கும்போது உப்புக்காற்றால் ஏற்படும் துருவே முதன்மையான இடராகும்.

அமைப்பு

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம், பாசுக்கலின் விதிப்படி, குழாய்கள் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் பரவுகிறது. சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டர், பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் உரசச் செய்கிறது. நான்கு சக்கரங்களிலும் இம்முறையைக் கொண்டு விற்பனைக்கு வந்த முதல் மகிழுந்து 1921ஆம் ஆண்டின் டியூசன்பெர்க் ஆகும்.

வண்டியின் உடலிலிருந்து பின் அச்சுக்கு ஒரு ரப்பர் குழாயும், அங்கிருந்து இரு சக்கரங்களுக்கும் எஃகுக் குழாய்களும் செல்கின்றன. பழைய படிவங்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஆகவே பின் அச்சிலுள்ள மெல்லிய குழாய் ஒன்று வெடித்தால் முன்சக்கர பிரேக்கும் சேர்ந்தே செயலிழக்கும். எஞ்சுவது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும் கைபிரேக்.

கடலோரச் சூழல்

பாம்பன் சாலைப்பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்படும் வரை இராமேசுவரம் தீவுக்கு இருப்புப்பாதை மட்டுமே இருந்தது. அதன்பின் பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே வாகனங்கள் நேரடியாகச் செல்லலாயின. இப்பகுதியின் அரிக்கும் தன்மையாலேயே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்து வந்துள்ளது.

எஃகுக் குழாயை அச்சுடன் பிணைக்கும் கிளிப்புகளின் அடியில் உப்பும் மணலும் தங்கி, வெளியே தெரியாமல் குழாயைத் தின்றுவிடுகின்றன. எனவே கிளிப்பைக் கழற்றாமல் குழாயைச் சோதிப்பதில் பயனில்லை. மாற்றும்போது செம்பும் நிக்கலும் கலந்த குழாய் ஏற்றது; கப்பல்களில் கடல்நீர்க் குழாய்களுக்குப் பயன்படுவதும் இக்கலவையே. வெறும் செப்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

சாதாரண பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசு; ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140 பாகை. கொடைக்கானல் மலைச்சாலையில் இவ்வீழ்ச்சி உயிருக்கே ஆபத்தாகலாம். சமதளமான இராமநாதபுரத்திலோ அதே நீர் வீல் சிலிண்டரின் உட்சுவரில் குழிகளை உண்டாக்குவதே பெரிய தொல்லை. குழி விழுந்த சிலிண்டரில் புதிய வாஷர் கிட் மட்டும் போட்டால் சில மாதங்களில் மீண்டும் கசியும். சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

பொருத்துதல்

பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டப்பட்டிருந்தன என்பதைக் கழற்றுமுன் குறித்துக்கொள்வது நல்லது. மறுபக்கச் சக்கரத்தைப் பிரிக்காமல் விட்டுவைத்தால் அதுவே மாதிரியாகும்.

டிரம்மை மாட்டியபின், சக்கரம் இறுகும்வரை ஷூக்களை விரித்து, தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். காற்று நீக்கலுக்கு முன்பே இதைச் செய்யவேண்டும். ஷூக்கள் தளர்ந்திருந்தாலும் மிதி ஆழமாக இறங்கும்; அதைக் காற்றின் குற்றமெனக் கருதி எண்ணெயை வீணாக்குவோர் பலர்.

காற்று நீக்கல்

பட்டறை வழக்கில் இது ஏர் எடுத்தல் எனப்படும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் குழாயில் காற்றிருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வலப்பக்க ஓட்டமைப்பில் அது பின் இடச்சக்கரம். அடுத்து பின் வலம், முன் இடம், முன் வலம்.

நிப்பிளில் மாட்டிய ஒளிபுகும் குழாயின் மறுமுனை எண்ணெயுள்ள புட்டியில் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் மிதியை அழுத்தும்போது மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி மேலே வருமுன் மூடுவார். குமிழிகள் நிற்கும்வரை இது தொடரும். இடையில் எண்ணெய்த் தொட்டி வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியேறிய எண்ணெயை மீண்டும் ஊற்றக்கூடாது.

நெடுநாள் நின்ற வண்டியில் மிதியைத் தரைவரை அழுத்துவது தவறு. மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் வழக்கமாகச் செல்லாத பகுதி துருவேறியிருக்கும். அதில் உரசி வாஷர் கிழியும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் போதும். துருவால் இறுகிய நிப்பிளை வலிந்து திருகினால் முறிந்துவிடும் என்பதால், முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் இட்டு ஊறவிடுவர்.