கடலுக்கடியில் மணியடித்த கைக்கடிகாரங்கள்

கைக்கடிகாரத்தில் அலாரம் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் வீடுகளில் அலாரம் என்றால் அலமாரி மேல் இருந்த டைம்பீஸ்தான். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் வாயை மூடும். அதே வேலையை மணிக்கட்டில், அதுவும் கடலுக்கடியில் செய்யும் கடிகாரங்கள் ஒரு காலத்தில் இருந்தன. இப்போது உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

கடலுக்கடியில் யாரை எழுப்ப என்று கேட்பீர்கள். எழுப்புவதற்கு அல்ல, மேலே வரச் சொல்வதற்கு. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. கூடுதல் நேரம் தங்கிவிட்டு அவசரமாக ஏறினால் அது குமிழ் குமிழாக வெளிவந்து ஆளை முடக்கிவிடும், உயிரே போகலாம். கலங்கிய நீரில் முள் தெரியாது. காதில் கேட்க வேண்டும், இல்லையென்றால் கையில் அதிர வேண்டும். மலைத்தேன் எடுக்கிறவனுக்கு மேலே கயிறு பிடிக்கும் மச்சான் எப்படியோ, அப்படி. "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்" என்பதற்கு இந்தத் தேன் கயிற்றைத்தான் விளக்கமாகச் சொல்வார்கள்.

சுவிட்சர்லாந்தின் வல்கெய்ன் கம்பெனி 1947-இல் 'கிரிக்கெட்' என்ற அலாரக் கடிகாரத்தை வெளியிட்டது. நம் கிரிக்கெட் அல்ல, சில்வண்டு. உள்ளே இரண்டு ஸ்பிரிங். ஒன்று நேரத்துக்கு, இன்னொன்று மணிக்கு. சத்தம் வெளியே வர, பின்மூடியை இரட்டையாகச் செய்து வெளிமூடியில் துளை போட்டார்கள். கடலுக்கு அதுவே சிக்கல். சத்தம் வெளியே வர வேண்டும், தண்ணீர் உள்ளே போகக்கூடாது. 1961-இல் 'கிரிக்கெட் நாட்டிக்கல்' வந்தது. ஹன்னஸ் கெல்லர் என்ற சுவிஸ்காரர் அதே ஆண்டு மஜோரே ஏரியில் 222 மீட்டர் ஆழம் இறங்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். இந்தக் கடிகாரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கினால் எங்கே நின்று ஏற வேண்டும் என்ற கணக்கை டயலிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1959-இல், ஜேகர்-லெகூல்த்ர கம்பெனி 'டீப் சீ' அலாரத்தைக் கொண்டுவந்திருந்தது. சேகரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம் இங்கேதான். அமெரிக்காவுக்குப் போனதில் 'லெகூல்த்ர' என்று மட்டும் இருக்கும். ஐரோப்பாவில் விற்றதில் முழுப் பெயர். அடுத்து வந்தது 'போலாரிஸ்'. மூன்று திருகுகள் இருந்தால் அதுதான்: நேரத்துக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, உள்வளையத்தைச் சுற்ற ஒன்று. பின்மூடியில் பதினாறு துளைகள். 1965-ஆம் ஆண்டு டயலில் மணிக்கோடுகள் ஒல்லி, 1968-இல் தடித்துவிட்டன. இந்தக் கோட்டுத் தடிமனுக்காக வாரக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அசட்டுத்தனமாகப் படவில்லை. கல்வெட்டில் எழுத்தின் வளைவைப் பார்த்துக் காலம் சொல்வதும் இதே வேலைதானே?

காலத்தைக் கூர்ந்து பார்ப்பது நம் ஜவ்வாது மலைக்கும் புதிதல்ல. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று காவலூரில் காத்திருந்தார்கள். மறைக்கும் முன்பே நட்சத்திரம் சில விநாடிகள் மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று அன்றைய பதிவுகளிலிருந்துதான் உலகம் அறிந்தது.

கடிகாரத்துக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் போலாரிஸ் எங்கே கிடைக்கும்? எச்எம்டி ஜனதா கிடைக்கும், ஃபாவ்ர-லூபா கிடைக்கும். 1737-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து 1865-இலேயே பம்பாய்க்கு வந்த கம்பெனி இந்த ஃபாவ்ர-லூபா. 1968-இல் ஆழம் காட்டும் 'பாத்தி' என்ற கடிகாரத்தையே செய்தவர்கள். வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டில் சீக்கோ பெல்மாட்டிக் இருக்கலாம். 1966-இல் வந்த அலாரக் கடிகாரம் அது. முக்குளிக்க ஆகாது, ஆனால் மணி நன்றாக அடிக்கும். என்னிடம் ஒன்று இருக்கிறது.

இங்கேதான் என் வருத்தம். "டயல் மங்கிப்போச்சு, புதுசாக்கித் தரேன்" என்பார்கள். தேய்த்து, பளிச்சென்று சிவப்போ பச்சையோ அடித்து, கம்பெனிப் பெயரை மறுபடி அச்சடித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தாத்தா கட்டிய டயல் அதோடு போயிற்று. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: எழுத்தின் ஓரம் கசிந்திருந்தாலோ, நிமிடக் கோடுகள் சீராக இல்லாவிட்டாலோ மறுபூச்சு என்று சந்தேகப்படுங்கள்.

இருட்டில் ஒளிர்வதும் ஒரு சாட்சி. 1960-களின் சுவிஸ் டயல்களில் ஆறு மணிக்குக் கீழே பொடியாக 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் டிரிட்டியம் பூசியது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். அறுபது வருடம் கழித்தும் ராத்திரி முழுக்க ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அதற்கும் பழைய டயலில் இருப்பது ரேடியம். அது பாதியாக 1,600 ஆண்டு ஆகும். ஒளி செத்திருந்தாலும் கதிர்வீச்சு சாகவில்லை. அப்படிப்பட்ட கடிகாரம் பரணில் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.