ஒரு நிமிட மௌனத்திற்கு 49 ஆண்டுகள்



பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கும் வேளையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒலிம்பிக் வரலாற்றைக் கூறுவது என் வழக்கம். மியூனிக் நிகழ்வைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அத்தனை பேர் இறந்த பிறகும் எப்படி விளையாடினார்கள்?" என்று கேட்டாள்.

1972ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடைபெற்ற ஒலிம்பிக் அது. நம் மலேசியக் கால்பந்துக் குழுவும் அதில் களம் கண்டது. செப்டம்பர் 5ஆம் நாள் விடியுமுன், 'கறுப்பு செப்டம்பர்' என்னும் பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் எண்மர் விளையாட்டாளர் குடியிருப்பில் புகுந்தனர். இஸ்ரேலியக் குழுவினர் இருவரைக் கொன்று, ஒன்பது பேரைப் பிணையாகப் பிடித்தனர். அன்றிரவு விமானத் தளத்தில் காவல்துறை மேற்கொண்ட மீட்பு முயற்சி தோல்வியுற்றது. ஒன்பது பேரும் மாண்டனர்; ஜெர்மானியக் காவலர் ஒருவரும் உயிரிழந்தார்.

மறுநாள் அரங்கில் இரங்கல் கூட்டம் நடைபெற்றது. போட்டிகள் தொடர வேண்டும் என்று அனைத்துலக ஒலிம்பிக் மன்றத் தலைவர் ஏவரி பிரண்டேஜ் அங்கேயே அறிவித்தார். அன்றே போட்டிகள் மீண்டும் தொடங்கின.

ஆனால், துயரம் அன்றோடு முடியவில்லை. உயிரிழந்தவர்களுள் ஒருவர் வாள்வீச்சுப் பயிற்றுநர் அந்த்ரே ஸ்பிட்சர். கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்ட அவர்தம் துணைவியார் ஆங்கியும் பிற குடும்பத்தினரும், ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு நிமிட மௌன அஞ்சலி வேண்டினர். நாற்பதாம் ஆண்டு நினைவு வந்த 2012 இலண்டன் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவிலும் அது கிட்டவில்லை. 2021 ஜூலை 23ஆம் நாள் தோக்கியோ விழாவில்தான் கிட்டியது. அடுத்த ஆண்டு, நினைவு நாளில், ஜெர்மனியின் அதிபர் குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கோரினார்.

இவ்வரலாற்றைக் கூறும்போதெல்லாம் என் பிழையொன்று நெஞ்சை உறுத்தும். தந்தையை இழந்து மறுவாரமே பள்ளிக்கு வந்த மாணவன் ஒருவன் திடலில் நின்றான். நான் நேரங்காட்டியைக் கையில் பிடித்தபடி, "நன்றாக ஓடு" என்று மட்டுமே கூறினேன். அவன் ஓடினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

போட்டியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், இழந்தவரின் துயரத்தை "அறிந்தோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தைத் தர மறுத்தால், அவர்கள் அதற்காக வாழ்நாளெல்லாம் காத்திருக்க நேரும்.

அம்மாணவிக்கு நான் அளித்த விடையும் இதுவே.