பாலாற்றுப் பாதுகாப்பு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, கல்பாக்கத்தை அடுத்த வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கும் ஆறு. சுமார் 348 கி.மீ. நீளத்தில் 222 கி.மீ. தமிழ்நாட்டில் உள்ளது. நாட்றம்பள்ளிக்கு வடக்கே, புல்லூர் அருகே மாநில எல்லையைக் கடக்கும் இந்த ஆறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு வழியாகச் செல்கிறது. பொன்னையாறும் செய்யாறும் இதன் முக்கியத் துணையாறுகள்.

ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் தெரியும். நீர் மணலுக்கு அடியில் தங்கியிருக்கும். உழவர்கள் ஊற்றுக்கால் தோண்டி அந்நீரை வயலுக்குக் கொண்டுசென்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாலாஜாபேட்டை அருகே கட்டிய அணைக்கட்டு, வெள்ள நீரை ஏரிகளுக்குத் திருப்பியது. மேற்பகுதியில் புதிய நீர்த்தேக்கங்கள் கட்டச் சென்னை மாகாணத்தின் இசைவு தேவை என்று 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தம் வகுத்தது. குப்பம் பகுதியில் ஆந்திரம் திட்டமிட்ட அணையை எதிர்த்து 2006இல் உச்ச நீதிமன்றம் சென்ற தமிழ்நாடு, இந்த ஒப்பந்தத்தையே ஆதாரமாகக் காட்டியது.

நீரின் அளவைப் பற்றிய வழக்கு ஒருபுறமிருக்க, அதன் தன்மையும் கெட்டது. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு தோல் பதனிட்டு வந்த இப்பகுதி, 1970களுக்குப் பின் ஏற்றுமதிக்காகக் குரோமியப் பதனிடலுக்குப் பெருமளவில் மாறியது. கழிவுநீரிலிருந்த உப்பும் குரோமியமும் மணலில் எளிதாக இறங்கிக் கிணறுகளை எட்டின. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாக ஓர் ஆய்வு நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 28.8.1996இல் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவின. பின்னர் கழிவுநீரை வெளியே விடாமல் மறுபயன்பாட்டுக்குத் திருப்பும் முறையும் வந்தது.

ஆற்றைக் காப்பது அதன் நீர்ப்பிடிப்பு மலைகளையும் சார்ந்தது. குடியாத்தத்துக்கு மேலே, ஆந்திர எல்லைக்குள் யானைகள் வாழும் கௌண்டின்யா காடு 1990இல் சரணாலயமானது. அங்கிருந்து வரும் கௌண்டின்யா ஆறு மோர்தானா அணையை நிரப்பிப் பாலாற்றில் சேர்கிறது. மற்றொரு துணையாறான நாகநதியின் படுகையில், ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் பெண்கள் நீர்செறிவுக் கிணறுகள் அமைத்தனர். ஆற்றிலோ மணல் அள்ளப்பட்டதால் நீரைத் தேக்கும் படுகையே குறைந்தது. வேலூர் வட்டாரம் இன்று குடிநீருக்குக் காவிரிக் கூட்டுத் திட்டத்தையும் நம்பியுள்ளது.

இழப்பீடு எஞ்சியுள்ள குடும்பங்களுக்கு ஆறு வாரங்களுக்குள் அரசே அதை வழங்கி, மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று 30.1.2025இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றின் சீரமைப்பைக் கண்காணிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் அத்தீர்ப்பு பணித்தது.