மடல் சுமந்தோரும் மடல் காத்தோரும்

தூது என்பது தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. கிளியும் மேகமும் நெஞ்சும் தமிழும் தூது சென்ற செய்தியைச் சிற்றிலக்கியங்கள் விரித்துரைக்கின்றன. குமரித்துறையில் நீராடி வடதிசை திரும்பும் நாரையிடம் தம் வறுமையை மனைவிக்குச் சொல்லியனுப்பிய சத்திமுற்றப் புலவரை அறியாத கவிஞர் இலர். ஆயினும், தூது செல்லும் பறவைக்கு முதுமை வந்தால், அல்லது அது பறத்தலையே நிறுத்திக்கொண்டால், அதனிடம் ஒப்படைத்த செய்தி என்னாகும் என்னும் வினாவை அப்பாடல்கள் எழுப்பவில்லை. அவ்வினா இன்றைய எழுத்தாளர்முன் நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மின்னஞ்சல் நிறுவனத்தை நம்பியிருப்போர் பலர். அந்நிறுவனம் தளர்வதைக் கண்ட பின்னும் அதனை விட்டு விலக இயலாமல் அவர்கள் தவிக்கின்றனர். இத்தவிப்பின் வரலாற்று அடிப்படையை, நாஞ்சில் நாட்டை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கு முத்திரையின் காலம்

1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணையும்வரை நாகர்கோவில் மலையாள மாநிலத்தின் பகுதியாக இருந்தது. 1949இல் திருவிதாங்கூர் - கொச்சி இணைப்பு நிகழும்வரை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆட்சியே இங்கு நிலவியது. இச்சமஸ்தானம் ‘அஞ்சல்’ என்னும் பெயரில் தனக்கெனத் தனித் துறை ஒன்றை நடத்தியது. அரசாங்கத் தாள்களைச் சுமப்பதற்கென அமைந்த அத்துறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொதுமக்களின் மடல்களையும் ஏற்கலாயிற்று. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரரை முதியோர் நினைவு இன்றும் மறக்கவில்லை. 1888இல் சங்கு முத்திரை பொறித்த அஞ்சல்தலைகள் வெளிவந்தன. அவற்றின் விலை சமஸ்தான நாணயமாகிய சக்கரத்தில் குறிக்கப்பட்டது.

இத்துறைக்கு ஓர் எல்லை இருந்தது. சங்கு முத்திரைத் தலை ஒட்டிய மடல் திருவனந்தபுரம் சென்று சேரும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிக்குச் செல்ல வேண்டிய மடலுக்கோ அத்தலை செல்லாது. அதற்குப் பிரித்தானிய இந்திய அஞ்சலையே நாட வேண்டும். மொழியால் ஒன்றாயிருந்த தமிழர் இருவர் மடல் எழுதிக்கொள்ளும்போது இருவேறு அரசுகளின் குடிகளாயினர். விரிந்த அமைப்பு ஒன்று பக்கத்திலேயே இயங்கும்போது குறுகிய அமைப்பு நெடுநாள் தனித்து நிற்றல் அரிது. 1951இல் திருவிதாங்கூர் அஞ்சல் இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டது. 1876இல் தேரூரில் பிறந்து 1954இல் மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் வாழ்நாளுக்குள் சங்கு முத்திரைத் தலையின் தொடக்கமும் அத்துறையின் முடிவும் அடங்கிவிட்டன.

இங்குக் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. துறை மறைந்ததால் மடல்கள் மறையவில்லை. அவை பெற்றவர் வீட்டுப் பெட்டியில் இருந்தன. பெற்றவரின் முகவரியும் மாறவில்லை. தெருவும் வீடும் அவருடையவை. சுமந்து வந்தவருக்கு அவற்றில் உரிமை இல்லை. சுமப்போர் மாறியபோதும் அதே திண்ணையில் மடல் வந்து விழுந்தது.

தாள் காத்த இலக்கியம்

தமிழின் கடித இலக்கியம் இவ்வடிப்படையில் எழுந்ததேயாகும். ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்கள், கி. ராஜநாராயணனுக்குக் கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள், புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதியவை ஆகியன நூல்வடிவம் பெற்றுள்ளன. இவை எவையும் அச்சேறும் என்ற எண்ணத்துடன் பாதுகாக்கப்பட்டவை அல்ல. அன்பினால் எடுத்து வைக்கப்பட்டவை. பெற்றவரின் அன்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. அஞ்சல் துறையின் இசைவு தேவைப்படவில்லை.

மின்னஞ்சலின் வருகை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பெருநகரங்களில் தொடங்கிற்று. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கருவியின் துணையுடன் இணைப்புப் பெற வேண்டியிருந்தது. இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் தொலைபேசி முடங்கும். மடல் பாதி வந்திருக்கையில் இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறை திறந்துவிடப்பட்டது. 2000 அக்டோபர் 1இல் பாரத் சஞ்சார் நிகம் தோன்றிற்று. 2002இல் விதேஷ் சஞ்சார் நிகம் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறியது. 2008இல் அப்பெயரும் மறைந்தது. ஒரு தலைமுறை முடிவதற்குள் முன்னோடி நிறுவனத்தின் பெயரே வரலாறாகிவிட்டது.

இதற்கிடையே இலவச மின்னஞ்சல் பெருகியது. 1996இல் ஹாட்மெயிலும் 1997இல் யாகூ மெயிலும் வந்தன. 2004 ஏப்ரல் 1இல் ஜிமெயில் ஒரு கிகாபைட் இடம் தருவதாக அறிவித்தபோது, ஹாட்மெயில் தந்துவந்த இடம் இரண்டு மெகாபைட் அளவே. இடம் போதாமையால் பழைய மடல்களை அழித்துப் புதியவற்றுக்கு வழிவிடுவது அதுவரை எழுத்தாளரின் அன்றாடக் கடமையாக இருந்தது. இவ்வாறு அழிந்த கவிதை வரைவுகளுக்குக் கணக்கில்லை.

தமிழருக்கு மற்றொரு துன்பமும் நேர்ந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை வகுத்துக்கொண்டிருந்தது. அனுப்பியவரின் எழுத்துரு பெற்றவரின் கணிப்பொறியில் இல்லையேல் தமிழ் மடல் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணைய மாநாட்டின் பயனாக டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் அதற்கு முற்பட்ட மடல்கள், அழியாமல் எஞ்சியவையுங்கூட, உரிய எழுத்துருவோ மாற்றியோ இன்றிப் படிக்க இயலாதவையாக உள்ளன.

முதுமையும் தவிப்பும்

நிறுவனம் ஒன்று முதுமையுறுவதன் அடையாளங்கள் எங்கும் ஒரே தன்மையன. இருமழையும் பெறும் நாஞ்சில் நாட்டின் ஈரத்தில் பழைய செப்புக் கம்பியின் இணைப்புகள் களிம்பேறுவதுபோல, பழைய சேவையும் சிறுகச் சிறுகப் பழுதுறுகிறது. அனுப்பிய மடல் எரிதப் பெட்டிக்குள் வீழ்கிறது. குறையைக் கேட்க ஆளில்லை. விளம்பரம் மட்டும் பெருகுகிறது. அப்படியாயின் விட்டு விலகலாமே எனலாம். அங்கேதான் பழைய அஞ்சலுக்கும் மின்னஞ்சலுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. மின்னஞ்சல் முகவரியின் பின்பாதி நிறுவனத்தின் பெயர். அம்முகவரி, பயன்படுத்துவோர் குடியிருக்கும் வாடகை வீடு. கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரியில் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. மின்னஞ்சல் முகவரிக்கு அத்தகைய உரிமை இல்லை. நூல்களின் பின்னட்டையிலும் இதழ்களிலும் பதிப்பகக் கோப்புகளிலும் அச்சான முகவரியைக் கைவிடும் கவிஞர், தம்மைத் தேடிவரும் வாசகரையும் கைவிடுகிறார்.

முகவரியினும் பெரிய இழப்பு மடல்களே. யாகூ குழுமங்களில் ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ போன்றவை தமிழ் எழுத்தாளர் பலர் கூடி உரையாடிய களங்களாக விளங்கின. யாகூ நிறுவனம் குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய பதிவுகளை நீக்குவதாக 2019இல் அறிவித்தது. 2020 டிசம்பர் 15இல் அச்சேவையையே மூடியது. எவரேனும் முன்கூட்டியே படி எடுத்து வைத்திருந்தாலன்றி, அவ்வுரையாடல்கள் திரும்பா. 1951இல் அஞ்சல் துறை மறைந்தபோது நேராத இழப்பு, எழுபது ஆண்டுகளுக்குள் நேர்ந்துவிட்டது. சுமந்து செல்வதே தொழிலாகக் கொண்டிருந்த தூதன், இன்று பெட்டகத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டான் என்பதே இதன் காரணம்.

வட்டத்தார் கருதத்தக்கன

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் முயற்சியால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் காத்து வருகிறது. உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததன் தொடர்ச்சியாக அம்முயற்சியைக் கொள்ளலாம். தத்தம் காலத்து மடல்களைக் காக்கும் பொறுப்பு அந்தந்தத் தலைமுறைக்கே உரியது. மின்னஞ்சல் முழுவதையும் படி எடுத்துத் தம் கணிப்பொறியிலும் வேறோர் இடத்திலும் சேமித்தல், பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல், சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டுக் கோத்து வைத்தல் ஆகியன எவர்க்கும் இயலும். வட்டம், தனக்கெனக் களப்பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு, முகவரிகளை அதன்கீழ் அமைத்துக்கொள்ளலாம். அதன்பின் சேவை நிறுவனம் மாறினாலும் முகவரி மாறாது. ஆண்டுக் கட்டணத்தைத் தவறாது செலுத்தினால் போதும்.

இதனினும் இன்றியமையாதது ஒன்று உளது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகிள் நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கிற்று. கவிஞர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் கணக்கைத் திறப்பார் இல்லையேல், மூன்றாம் நினைவு நாளுக்கு முன்பே அவருடைய மடல்கள் அனைத்தும் நீக்கத்துக்கு உரியனவாகிவிடும். இரங்கற்கூட்டம் நடத்தி, நினைவு மலர் வெளியிட்டு, நண்பர்கள் ஓய்ந்திருக்கும் காலம் அது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் மடற்பெட்டகத்தின் சாவி எவரிடம் சேர வேண்டும் என்பதை இன்றே எழுதி வைத்தல் தகும்.