மகாவித்துவானின் இறுதி நாள்

கொங்குவேளிரின் பெருங்கதையை 1924இல் அச்சேற்றிக் கொங்கு நாட்டுக்கு மீட்டளித்தவர் உ.வே. சாமிநாதையர் என்பதை நம்மவர் நன்கறிவர். அவரை உருவாக்கிய ஆசிரியரின் மறைவைப் பற்றி அறிந்தோர் குறைவு.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில் காலமானார். தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களுமாகப் பாடிக் குவித்தவர். எனினும் இறுதி வேளையில் அவர் கேட்க விரும்பியது தம் பாடலை அன்று. திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்கச் சொன்னார். சாமிநாதையர் கண்ணீருடன் படித்தார். ஆசிரியரின் உடலைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை, கிறித்தவர். சைவ மடத்தின் நிழலில், சைவப் பெரும்புலவர் ஒருவரை அந்தணரும் கிறித்தவருமாகிய இரு மாணாக்கர் வழியனுப்பினர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடங்கேட்டவரே.

சாமிநாதையர் அவரிடம் பெற்றது நூற்பட்டியல் மட்டுமெனில், அது 1880இலேயே போதாமற் போயிற்று. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், படித்த நூல்கள் எவையென வினவினார். ஐயர் அந்தாதி, உலா, கோவை என அடுக்கிக்கொண்டே போனார், முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். ஆசிரியர் சொல்லித் தராத நூல் அது!

ஆயினும் தெரியாததைத் தெரியாதென்று ஏற்று, சமண அன்பர்களின் இல்லம் தேடிச் சென்று ஐயம் கேட்கும் பணிவு அவரிடம் இருந்தது. அது பிள்ளையவர்களின் திண்ணையில் விளைந்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. சங்க நூல்கள் பலவற்றைப் பதிப்பித்துப் புகழடைந்த பின்னரும் ஆசிரியரை அவர் மறக்கவில்லை. 1933, 1934ஆம் ஆண்டுகளில், தம் எழுபத்தெட்டாம் வயதையொட்டி, பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார்.