புட்குழியும் புள்ளலூரும்: தொண்டை நாட்டுச் செலவில் எழுந்த சில ஐயங்கள்

காஞ்சிபுரத்தினின்று வேலூர் நோக்கிச் செல்லும் பெருவழியில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. தொண்டை நாட்டின் வரலாற்றிடங்களை முதுகலை மாணவரோடு கண்டுவரச் சென்ற நாம், அத்திரம்பாக்கத்திற் தொடங்கி இவ்வூரை அடைந்தோம். இராபர்ட்டு புரூசு பூட்டு 1863-இல் பல்லாவரத்திற் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்ததும், அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்தை ஆராயப் புகுந்ததும் பலரும் அறிந்தவை. அங்குள்ள தொல்கருவிகளுள் மிக முந்தியவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையன என 2011-இல் வெளிவந்த ஆய்வு நிறுவிற்று. எழுத்தும் பெயருமற்ற அக்காலத்தைக் கல்லே காலங்காட்டி நிற்க, எழுத்துத் தோன்றிய பிற்காலத்திலன்றோ நமக்கு ஐயங்கள் மிகுகின்றன!

புட்குழி என்பது புள், குழி என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பது தலவரலாறு. இறைவன் திருப்பெயர் விசயராகவன். குளமும் சடாயு தீர்த்தம் எனப் பெயர் பெறும். தாயார் மரகதவல்லி. வறுத்த பயறு இங்கு முளைக்குமாயின் மகப்பேறு வாய்க்கும் என்னும் நம்பிக்கை மகளிரிடையே இன்றும் உண்டு. யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் பாடம் கேட்ட ஊரும் இதுவே எனக் குருபரம்பரை வழக்குக் கூறும்.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியிலும் பெரிய திருமடலிலும் இத்தலத்தைக் குறிக்கின்றார். ஆண்டு நீர்வளம் சொல்லப்படுகின்றது. இறைவன் போரேறாகப் போற்றப்படுகின்றான். கழுகரசன் கதை விரித்துரைக்கப்படவில்லை. சோழ நாட்டுப் புள்ளிருக்குவேளூர்ப் பதிகத்திற் சம்பந்தரோ சம்பாதி, சடாயு இருவரையும் பெயர்சுட்டிப் பாடுகின்றார். புள்ளம்பூதங்குடிக்கும் இக்கதையே வழங்குகின்றது. ஒரு புள்ளுக்குப் பல தலங்கள் உரிமை கொண்டாடுதல் அடியவர்க்கு இடர்ப்பாடன்று. வரலாற்று மாணவர்க்கு அஃது ஓர் எச்சரிக்கை. குழி என்பது பள்ளத்தையும் நில அளவையையும் குறிக்கும் சொல்லாதலின், பறவைகள் வந்து தங்கும் நீர்ப்பள்ளம் என்னும் பொருளில் ஊர்ப்பெயர் முன்னர் எழ, கதை பின்னர் அதனைத் தழுவியிருத்தல் கூடும் என்பது நம் கருத்து. வேடந்தாங்கலை உடைய நிலப்பகுதியில் இதனை வியப்பென்று தள்ளுதற்கில்லை. ஆயினும் இது கருத்தளவே. கல்வெட்டுச் சான்று கிடைக்குங்காறும் முடிபாகாது.

காஞ்சிக்கு வடகிழக்கேயுள்ள புள்ளலூரை அடைந்தபோது மாணவர் ஒருவர், "ஐயா, இதுவும் அப்புள்ளின் பெயரால் வந்ததோ?" என வினவினார். ஒலியொப்புமை ஒன்றே பற்றி அவ்வாறு துணிதல் ஏலாது என்றோம். உண்மையில் இவ்வூருக்குப் பெருமை தருவது வேறொரு சிக்கல். இரண்டாம் நந்திவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டிற் பிறந்த காசக்குடிச் செப்பேடு, முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவருட் சிறந்தாரைப் புள்ளலூரில் அழித்தான் என்கின்றது. பகைவர் இன்னார் எனச் சொல்லவில்லை. கி.பி. 634-35-இற் பொறிக்கப்பெற்ற ஐகோளே கல்வெட்டோ, இரண்டாம் புலிகேசியின் படைக்கு அஞ்சிப் பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின் ஒடுங்கினான் எனப் பாடும். இவ்விரண்டையும் இணைத்தே, புள்ளலூரிற் தோற்றவன் புலிகேசி என அறிஞர் பலர் கொண்டனர்.

இவ்விணைப்புப் பொருந்துவதே. சளுக்கியன் நகர்ப்புறம் வரை நெருங்கியதும், பல்லவன் பின்னர் வெளிப்போந்து பொருததும் ஒருங்கே உண்மையாகலாம். எனினும் செப்பேடு போருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டுப் பிறந்தது. கல்வெட்டோ வென்றதாகச் சொல்லப்படும் வேந்தன் வாழ்ந்த காலத்தே அவன் அவைப்புலவர் இரவிகீர்த்தி யாத்தது. ஒன்று பிந்தியது, மற்றொன்று முகமன். "மகேந்திரன் புலிகேசியைப் புள்ளலூரில் வென்றான் எனச் செப்பேடு கூறுகின்றது" எனத் தேர்வுத் தாள்களில் எழுதப்படுதலை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். செப்பேடு அங்ஙனம் கூறவில்லை. ஊகத்தை ஊகமென்றே எழுதுதல் வேண்டும்.

அவ்வூர் நிலத்தில் மீண்டும் குருதி படிந்தது 1780 செப்டம்பர் 10-ஆம் நாளில். ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வளைத்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. காஞ்சியிலிருந்த மன்றோ உரிய காலத்தில் உதவிக்கு வரவில்லை. சிறைப்பட்ட பெய்லி 1782-இற் சீரங்கப்பட்டணத்தில் இறந்தான். 1781 ஆகத்து 27-இல் அயர் கூட்டு அதே களத்தில் ஐதரோடு மீண்டும் பொருதான். அப்போரில் மடிந்த படைத்தலைவர்க்கு எடுத்த நினைவுத் தூண்கள் வயல்களிடையே நிற்கின்றன. பெய்லியின் படையிற் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே. அவர்தம் பெயர் தாங்கிய கல் ஒன்றையும் நாம் அங்குக் கண்டிலேம். முதற்போரின் காட்சியைத் திப்புவின் வெற்றியாகக் காண விழைவார் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத்து மாளிகைச் சுவரோவியத்திற் காணலாம்.