ஜார்ஜ் விடுதி, நார்ட்டன் செயின்ட் பிலிப்

ஜார்ஜ் விடுதி தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், பாத் நகருக்குத் தெற்கே நார்ட்டன் செயின்ட் பிலிப் என்னும் சிற்றூரில் உள்ள பழைய வழித்தங்கல் விடுதி. தங்கும் அறை, உணவு, பீப்பாய் ஏல் என்னும் பீர் வகை மூன்றையும் இன்றும் தருகிறது. 1397 முதல் மது விற்கும் உரிமை பெற்றதாகக் கூறப்படுவதால், பிரித்தானியாவின் மிகப் பழைய விடுதி என உரிமை கொண்டாடுவனவற்றுள் இதுவும் ஒன்று. இது முதல் தரப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகும்.

தோற்றம்

அருகிலுள்ள ஹின்டன் மடத்தைச் சேர்ந்த கார்த்தூசியத் துறவியர் 14ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டினர். ஊர்ச் சந்தைக்கு வந்த கம்பளி, துணி வணிகர்கள் இங்கே தங்கினர். அவர்களின் சரக்கு மேல்தளத்தில் வைக்கப்பட்டது. 1539இல் மடம் கலைக்கப்பட்ட பின்னும் விடுதி தொடர்ந்து நடந்தது.

கட்டட அமைப்பு

தரைத்தளம் கல்லால் ஆனது. மேலிரு தளங்களும் மரச்சட்டகத்தால் ஆனவை. ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் சற்றே முன்நீண்டிருக்கிறது. நடுவிலுள்ள வளைவு வாயில் பின்முற்றத்துக்கு இட்டுச் செல்கிறது. அங்குள்ள மரநடை, அறைகளுக்குச் செல்லும் பழைய வழியாகும்.

1685 கலகம்

அரசர் இரண்டாம் ஜேம்சை எதிர்த்துக் கிளர்ந்த அவருடைய அண்ணன் மகன் மன்மத் கோமகன், 1685 ஜூன் இறுதியில் இவ்விடுதியில் தங்கினார். ஜூன் 27 அன்று ஊரின் குறுகலான பாதையில் அரச படையின் முன்னணி சிக்கியது. அதை நடத்தி வந்த கிராஃப்டன் கோமகன், மன்மத்துக்கு வேறு தாய் வயிற்றுச் சகோதரர். அன்று அரச படை பின்வாங்கினாலும், ஜூலை 6 அன்று செட்ஜ்மூர் போரில் கலகம் முறியடிக்கப்பட்டது. ஜூலை 15 அன்று மன்மத் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். பின்னர் கலகக்காரர்கள் மீது நடந்த விசாரணைகளின்போது விடுதியே நீதிமன்றமாயிற்று என்பது ஊர் வழக்கு.

பீப்பாய் ஏல்

இவ்வகை ஏல், பீப்பாயில் அடைத்த பிறகும் உயிருள்ள ஈஸ்ட்டால் மீண்டும் நொதித்துப் பக்குவமடைகிறது. சூடேற்றிக் கிருமி நீக்குவதோ, வெளியிலிருந்து வாயு செலுத்துவதோ இல்லை. சுமார் 12 பாகை செல்சியசில் நிலவறையில் வைத்து, கைப்பம்பால் குவளைக்கு ஏற்றுகிறார்கள். திறந்த பீப்பாய் சில நாள்களிலேயே கெட்டுவிடும் என்பதால் அதன் சுவை நிலவறை பார்ப்பவரின் கவனத்தைப் பொறுத்தது. பெருந்தொழிற்சாலை பீர்களால் மறையவிருந்த இம்முறையைக் காக்க 1971இல் 'காம்ரா' இயக்கம் தோன்றியது. நாட்டுப்புற விடுதிகள் இம்முறையைக் கைவிடாமல் காத்து வருகின்றன.